பேசாப் பிரசங்கி

மிஷனரி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பது, கையில் வேதபுத்தகத்தோடும் நாவில் ஓயாத உபதேசத்தோடும் ஊர் ஊராய்த் திரியும் ஒரு பாதிரியாரின் உருவமே. தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் முதலாக இடையன்குடியில் வேரூன்றி நின்ற கால்டுவெல் ஐயர் வரை, நாம் அறிந்த மேனாட்டு ஊழியர் பலரும் பேச்சையும் எழுத்தையுமே தம் பணிக்கு முதற்கருவியாகக் கொண்டவர்களாதலால், அந்த எண்ணத்தில் பிழையொன்றும் இல்லை. ஆனால் பேசுவதில்லை என்ற நிபந்தனையின்பேரிலேயே ஒரு மிஷன் சங்கத்தாரால் கடல் கடந்து அனுப்பப்பட்ட ஒருவரும் உண்டு. அவர் பேசத் தெரியாதவரல்லர். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துத் தேவாலயமொன்றில் பல்லாண்டு பிரசங்க பீடமேறியவர், அந்நகரத்துச் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் போதித்தவர். அவர் வாய் திறந்தால் விசுவாசிகளின் மனம் கலங்குமே என்று அஞ்சிய சங்கத்தாரிடம், வைத்தியம் ஒன்றையே செய்வதாகவும் மத விஷயத்தில் மீனைப்போல ஊமையாயிருப்பதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டு, 1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரான்சு தேசத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய அந்த மனிதர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். இளமை முதல் தம் உள்ளத்தில் பேணிவந்த லட்சியங்களை ஒருவர் அந்நிய மண்ணில், அதுவும் பேச்சடங்கிய ஒரு நிலையில், எவ்வாறு கண்டடைந்தார் என்பதற்கு அவருடைய சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே மாறிமாறிக் கைமாறிய அல்சேஸ் மாகாணத்தில், கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில், 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் குருவானவர். பிள்ளை கைக்குழந்தையாயிருந்தபோதே குடும்பம் குன்ஸ்பாக் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அவ்வூரில் கோயில் ஒன்றே. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் அதனைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் ஆராதனை முடிந்தபின் மற்றவர் ஆராதனை நடத்திவந்தனர். புரொட்டஸ்டண்டுக் குருவின் மகனாகிய சிறுவன், கத்தோலிக்கரின் பொன்மயமான பீடத்தைப் பிரசங்க நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததனால், சமயங்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கமுடியும் என்ற எண்ணம் அவனுக்குப் புத்தகம் படித்து வரவேண்டியதாயிருக்கவில்லை.

ஷ்வைட்சர் தம் பிள்ளைப் பிராயத்தைப்பற்றி எழுதிய சிறு நூலில் ஒரு சம்பவம் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில், தன்னைவிடப் பெரியவனாகிய ஒரு குடியானவப் பிள்ளையோடு மல்லுக்கு நின்று அவனைக் கீழே தள்ளிவிட்டான் சிறுவன் ஆல்பர்ட். கீழே கிடந்தவனோ, வாரத்துக்கு இரண்டு தரம் உன்னைப்போல இறைச்சி ரசம் குடிக்கக் கிடைத்தால் எனக்கும் இந்தப் பலம் இருக்கும் என்று சொல்லிவிட்டான். அன்றுமுதல் வீட்டு மேசையில் ரசத்தின் ஆவி எழும்போதெல்லாம் அந்தக் குரல் செவியில் ஒலித்தது. ரசம் தொண்டையில் இறங்க மறுத்தது. குளிர் காலத்தில், தகப்பனாரின் பழைய அங்கியை வெட்டித் தைத்த மேலங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, ஊர்ப்பிள்ளை எவனிடத்திலும் இல்லாத ஒன்று எனக்கு மட்டும் எதற்கு என்று மறுத்து, அடிவாங்கியும் பிடிவாதம் தளராமல், கிராமத்துப் பிள்ளைகள் அணிவதுபோன்ற மரப்பாதரட்சையும் விரல் பிரியாத கையுறையுமே வேண்டுமென்று நின்றான். நம் வீடுகளில் இதற்கு முரட்டுப் பிடிவாதம் என்று பெயர். அந்தக் குருவானவரும் அவ்வாறே கருதியிருக்கவேண்டும், பிள்ளைக்குக் கன்னத்தில் விழுந்தது. இரவு ஜெபத்தில் மனிதருக்காக மட்டுமே பிரார்த்திப்பது ஏன் என்று விளங்காமல், தாய் முத்தமிட்டு விளக்கணைத்துப் போனபிறகு, சுவாசமுள்ள சகல ஜீவன்களுக்காகவும் தானே ஒரு ஜெபத்தை இட்டுக்கட்டி இரகசியமாகச் சொல்லிவந்ததும் இதே பிராயத்தில்தான்.

இந்த இரண்டையும், அதாவது தனக்குமட்டும் கிடைத்த பாக்கியத்தைப்பற்றிய கூச்சத்தையும், உயிர்கள் அனைத்தின்மீதும் பரந்த இரக்கத்தையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வருவது எதுவும் நமக்கு ஆச்சரியம் தராது. கல்மார் பட்டணத்தில் ஒரு கப்பற்படைத் தளபதியின் ஞாபகச் சின்னம் இருந்தது. அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையை வடித்த அதே பார்த்தோல்டி வடித்தது. அதன் அடிப்பீடத்தில் ஓர் ஆப்பிரிக்கனின் உருவம், சோகமே வடிவான முகத்தோடு, சாய்ந்திருந்தது. அப்பட்டணத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த முகத்தைச் சென்று பாராமல் ஷ்வைட்சர் திரும்புவதில்லை. 1940இல் நாஜிகள் அச்சின்னத்தை உடைத்தெறிந்தார்கள்.

இருபத்தொன்றாவது வயதில், 1896ஆம் ஆண்டுப் பெந்தெகொஸ்தே விடுமுறையில், குன்ஸ்பாக் வீட்டில் பறவைகளின் ஒலி கேட்டுக் கண்விழித்த ஒரு காலையில், அவர் தம் வாழ்நாளுக்கு ஒரு கணக்குப் போட்டார்: முப்பது வயது வரை கல்விக்கும் சங்கீதத்துக்கும், அதன்பின் மனிதருக்கு நேரே செய்யும் தொண்டுக்கும் என்பது அந்தக் கணக்கு. இளமையில் இத்தகைய சங்கற்பங்களைச் செய்யாதவர் யார்? முப்பது வந்ததும் அவை போன இடம் தெரியாமற் போவதே உலக வழக்கம். ஷ்வைட்சருக்கு முப்பது வரும்போது மறக்கத் தகுந்த காரணங்கள் ஒன்றல்ல, பல இருந்தன. கான்ட் என்னும் தத்துவஞானியின் சமயக் கொள்கைபற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றிருந்தார். குருமார் பயிலும் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார். பாரிஸ் மாநகரத்து வீடோர் என்ற பேராசிரியரிடம் ஆர்கன் வாத்தியம் பயின்றிருந்தார்; பாக் என்னும் இசைமேதையைப்பற்றி ஷ்வைட்சர் பிரெஞ்சு மொழியில் எழுதிய பெருநூல் அப்போதுதான் வெளிவந்திருந்தது. இவற்றுக்கு நடுவே தொண்டு செய்யும் வழியையும் அவர் தேடாமலில்லை. அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிறேன் என்று சென்றால், அந்த ஸ்தாபனங்களின் சட்டதிட்டம் இடங்கொடுக்கவில்லை. நாடோடிகளுக்கும் சிறைமீண்டவர்களுக்கும் உதவலாம் என்றால், அதுவும் ஒரு சங்கத்தோடு சேர்ந்தே செய்யக்கூடியதாயிருந்தது. 1904ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள், மேசைமேல் கிடந்த பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகையை ஒதுக்கிவைக்கப்போனவர் கை தற்செயலாக ஒரு பக்கத்தைப் புரட்டிற்று. பிரெஞ்சுக் காங்கோவின் வடபகுதியாகிய காபோனில் ஊழியத்துக்கு ஆள் போதவில்லை என்று சங்கத்தின் தலைவர் எழுதியிருந்த கட்டுரை அது. வாசித்து முடித்தார், பிறகு வழக்கம்போலத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். தேடல் முடிந்துவிட்டது.

மறு ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி, பாரிஸில் ஒரு தெருமுனைத் தபால் பெட்டியில் பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் கடிதங்களைப் போட்டார்: மருத்துவம் படிக்கப்போகிறேன், படித்து முடித்து ஆப்பிரிக்கா செல்லப்போகிறேன் என்று. அதன்பின் எழுந்த புயலை அவர் தம் சுயசரிதையில் சற்று வேதனையோடு நினைவுகூர்கிறார். படைத்தலைவனாயிருக்கவேண்டியவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் போய் நிற்பதுபோல இருக்கிறது என்று வீடோர் கடிந்துகொண்டார். காதல் தோல்வியோ, புகழ் போதாத மனத்தாங்கலோ என்றெல்லாம் பிறர் ஊகித்தனர். ஷ்வைட்சரை வியப்பில் ஆழ்த்தியது இதுவே: ஞாயிறுதோறும் சுவிசேஷத்தைக் கேட்டும், சிலர் அதனைப் போதித்தும் வந்த மனிதர்களுக்கு, இயேசுவின் அன்புக் கட்டளை ஒருவனைத் திடீரென்று வேறு பாதையில் திருப்பக்கூடும் என்பது நம்பத்தகாததாகப் பட்டதே! பக்தி நிறைந்த குடும்பங்களில்தான் இத்தகைய எதிர்ப்பு அதிகம் எழும் என்பதை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். சந்நியாசிகளைப் பூஜிக்கும் வீட்டில் பிள்ளை காவி கட்டினால் கூச்சல் எழுவதில்லையா?

குருவாகவே செல்லாமல் வைத்தியராகச் செல்லத் துணிந்ததற்கு அவர் கூறும் காரணம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பல்லாண்டுகளாகச் சொற்களிலேயே தம்மைச் செலவிட்டு வந்த அவருக்கு, அன்பின் சமயத்தைப்பற்றிப் பேசுவதை விடுத்து அதனைக் கைகளாற் செய்து பார்க்கவேண்டும் என்ற தாகம் உண்டாயிற்று. முப்பது வயதுக்குமேல், போதித்துக்கொண்டும் பிரசங்கித்துக்கொண்டும் நூல் எழுதிக்கொண்டும், மருத்துவ மாணவராகப் பெஞ்சில் அமர்ந்தார். இயேசுவின் சரித்திரத்தைப்பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் அலசிய அவருடைய பெருநூல் 1906இல் வெளிவந்தது. தேவராஜ்யம் தம் காலத்திலேயே வந்துவிடும் என்று இயேசு எதிர்பார்த்தார், அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்று அந்நூல் துணிந்து கூறியது. பாரிஸ் சங்கத்தார் கலங்கியது இதனாலேதான். நோயாளிகளோ வைத்தியரின்றி மடிகிறார்கள். வைத்தியர் ஒருவர் தம் செலவிலேயே ஆஸ்பத்திரி கட்டி நடத்துகிறேன் என்று வருகிறார். ஆயினும் அவருடைய கொள்கை சுத்தமானதா என்பதே சங்கத்தாருக்குப் பெருங்கேள்வியாயிற்று. சபையின் முன் வந்து விசாரணைக்கு நிற்க ஷ்வைட்சர் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அங்கத்தினர் ஒவ்வொருவரையும் வீட்டுக்குச் சென்று கண்டு பேசினார். இறுதியில் மேலே கூறிய மௌன விரதத்தின்பேரில் அனுமதி கிடைத்தது. அப்போதும் ஓர் அங்கத்தினர் மனம் ஒப்பாமல் விலகிக்கொண்டார். இதற்கிடையே, 1912 ஜூன் மாதத்தில், சரித்திராசிரியர் ஒருவரின் மகளாகிய ஹெலன் பிரெஸ்லவ் என்பவரை மணந்தார். கணவர் மருத்துவம் பயின்ற காலத்தில் இந்த ஊழியத்துக்கென்றே நர்ஸ் தொழிலைக் கற்றுக்கொண்டவர் அந்த அம்மையார்.

பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில், ஓகோவே என்னும் பேராற்றின் கரையில், அடர்ந்த காட்டின் நடுவே இருந்தது லம்பரேனே மிஷன். எழுபது பெட்டிகளில் மருந்தும் சாமான்களும் உடன்வந்தன. அவற்றோடு, பாரிஸ் பாக் சங்கத்தார் அன்பளிப்பாகத் தந்த, ஆர்கன்போலக் காற்கட்டைகள் பொருத்திய ஒரு பியானோவும், கறையான் அரிக்காதபடி துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரி என்று ஒன்று இல்லை. கட்டுவதற்கு ஆளும் கிடைக்கவில்லை. நோயாளிகளோ, வெள்ளைக்கார வைத்தியர் வந்துவிட்டார் என்ற செய்தி ஆற்றோடு பரவியதனால், தோணி தோணியாக வரலாயினர். வெயிலில் நின்று பார்த்து முடியாமற்போகவே, பாழடைந்து கிடந்த ஒரு கோழிக்கூட்டைச் சுத்தம் செய்து, சுண்ணாம்படித்து, சுவரில் தட்டுகள் பொருத்தி, அதையே வைத்தியசாலையாக்கினார். மலேரியாக் காய்ச்சல், தூக்க நோய், தொழுநோய், யானைக்கால், சீதபேதி, புரையோடிய புண்கள், குடல் சரிவு என்று வந்தவை பலவகை. முதல் ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 2000 பேருக்கு அவர் சிகிச்சை செய்தார்.

அங்கே அவருக்கு வலக்கையாக வாய்த்தவர் ஜோசப் என்ற ஆப்பிரிக்கர். முன்பு வெள்ளைக்காரரிடம் சமையற்காரராயிருந்தவர். பல மொழி பேசுவார். மொழிபெயர்ப்பாளராகவும் உதவி வைத்தியராகவும் அமர்ந்தார். ஆனால் உடலுறுப்புகளின் பிரெஞ்சுப் பெயர்களை அவர் கற்றிருந்தது அடுக்களையிலேதான். ஆகையால், இவருக்கு வலது ஆட்டுத்தொடையில் வலி, இந்த அம்மாளுக்கு இடது விலாக்கறியில் குத்து என்று அவர் மிகுந்த கம்பீரத்தோடு அறிவிப்பாராம். ஷ்வைட்சர் இதனைச் சொல்லும்போது கேலி இல்லை; தோழமையே தெரிகிறது.

குடல் சரிந்து இறுகிக்கொண்ட நோயாளிகளைப்பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தவர் எளிதில் மறக்கமாட்டார். வலி தாங்காமல் மணலிற் புரண்டு அலறும் ஒருவனைத் தோணியில் கொண்டுவருகிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஹெலன் அம்மையார் துணை நிற்க, ஜோசப் நீண்ட ரப்பர்க் கையுறை மாட்டிக்கொண்டு உதவ, காரியம் முடிகிறது. இருண்ட குடிசையில் அவன் கண்விழிக்கும்வரை வைத்தியர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். விழித்தவன் சுற்றுமுற்றும் பார்த்து, வலி போயிற்று, வலி போயிற்று என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் கை வைத்தியரின் கையைத் தேடிப் பற்றிக்கொண்டு விடமறுக்கிறது. அப்போதுதான் அவனுக்கும் கூடியிருப்போருக்கும் அவர் சொல்லத் தொடங்குகிறார்: ஓகோவே ஆற்றங்கரைக்குப் போ என்று எங்களை ஏவியவர் ஆண்டவராகிய இயேசு, மருந்துக்குப் பணம் தந்தவர்கள் ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் நண்பர்கள். அந்த நண்பர்கள் யார், எங்கே வசிக்கிறார்கள், எங்கள் துன்பம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றெல்லாம் கேள்விகள் எழுகின்றன. காப்பிச் செடிகளின் ஊடே வெயில் குடிசைக்குள் விழ, கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து, எல்லோரும் சகோதரர் என்ற வேதவாக்கை அனுபவமாக உணர்ந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். ஸ்ட்ராஸ்பர்க் பீடத்தில் நின்று அவர் செய்த பிரசங்கங்கள் எத்தனையோ இருக்கலாம். அவற்றில் ஒன்றிலாவது இத்தனை சுருக்கமும் இத்தனை அதிகாரமும் இருந்திருக்குமா என்பது ஐயம். அந்த அதிகாரம் வேதசாஸ்திரப் பட்டத்தினால் வந்ததன்று. பற்றிக்கொண்டு விடாத ஒரு நோயாளியின் கையினால் வந்தது.

மௌன விரதமும் வெகுநாள் நீடிக்கவில்லை. பாரிஸில் சங்கத்தாரை வருத்திய கொள்கைச் சிக்கல்கள், காட்டின் நடுவே தினமும் மரணத்தோடு முட்டிக்கொண்டிருந்த உள்ளூர் மிஷனரிகளுக்குப் பெரிதாகப் படவில்லை. சில மாதத்துக்குள்ளேயே அவர்கள் தாங்களாகவே அவரைப் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள். இயேசுவின் மலைப்பிரசங்கத்தையும் பவுலின் நிருபங்களையும் புதிதாகக் கேட்கும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் பாக்கியம் அவருக்கு மீண்டும் கிடைத்தது. ஆப்பிரிக்கா செல்லும்போது, ஆர்கன் வாசிப்பு, கல்வி போதித்தல், சொந்தச் சம்பாத்தியத்தில் வாழும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் பலி கொடுத்துவிட்டதாக எண்ணிச் சென்றவர் அவர். ஆபிரகாமைப்போல வெட்டக் கை ஓங்கியபின் பலியினின்று தப்புவிக்கப்பட்டேன் என்ற கருத்தைப் பிற்காலத்தில் எழுதினார். மாலை வேளைகளில் காட்டின் தனிமையில், கச்சேரி பற்றிய கவலையின்றி, பாக்கின் கிருதிகளை ஆர அமரப் பயில அந்தப் பியானோ இடந்தந்தது. கச்சேரிகளே பின்னாளில் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றின.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் யுத்தம் மூண்டது. அல்சேஸ் அப்போது ஜெர்மனியைச் சேர்ந்ததாதலால், பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த தம்பதிகள் ஒரே நாளில் பகைநாட்டாராகி, வீட்டுக் காவலில் வைக்கப்பட்டனர்; நோயாளிகளைத் தொடக்கூடாது என்று உத்தரவு. எங்கள் வைத்தியரை எங்களிடமிருந்து பறிக்க இவர்களுக்கு என்ன உரிமை என்று ஊரார் முணுமுணுத்தார்கள். யுத்தத்தில் மாண்டவர் தொகையைக் கேட்ட முதியவர் ஒருவர், இந்த ஜாதியார் ஏன் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை, இறந்தவர் அத்தனை பேருக்கும் எப்படி ஈடு கொடுக்கப்போகிறார்கள் என்று வினவினாராம். அந்த ஊராரின் வழக்கப்படி வென்றவர், தோற்றவர் ஆகிய இருசாராரும் எதிரியின் பிணங்களுக்கு ஈடு கட்டியாகவேண்டும். சுவிசேஷத்தைச் சுமந்து வந்தவர்களை நோக்கிக் கேட்கப்பட்ட இந்தக் கேள்விக்கு விடையளிக்கக்கூடிய மிஷனரி அன்று ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. நோயாளிகளின்றிக் கை ஓய்ந்த ஷ்வைட்சர், காவலில் வைக்கப்பட்ட மறுநாளே, இந்த நாகரிகம் ஏன் அழிகிறது, எந்த அடிப்படையின்மேல் அதனைத் திரும்பக் கட்டுவது என்ற விசாரணையை எழுத உட்கார்ந்தார். நவம்பரில் காவல் நீங்கியது, விசாரணை நீங்கவில்லை. உலகத்தை ஏற்று நிற்கும் மனப்பான்மைக்கும் தருமத்துக்கும் பொதுவான ஆதாரம் ஒன்றைத் தேடித் தேடி, திறவாத இரும்புக் கதவை முட்டுவதுபோல மாதக்கணக்கில் முட்டினார்.

அது திறந்த விதத்தை அவரே விவரித்திருக்கிறார். 1915 செப்டம்பரில், மனைவியின் உடல்நிலைக்காகக் கடற்கரையில் தங்கியிருந்தபோது, ஆற்றின் மேற்பகுதியில் ஒரு மிஷனரியின் மனைவிக்கு நோய் என்று அழைப்பு வந்தது. கிடைத்த வாகனம், அளவுக்குமீறிப் பாரமேற்றிய ஒரு படகை இழுத்துச்செல்லும் சிறு நீராவிப் படகு. அவசரத்தில் கட்டுச்சோறு எடுத்துக்கொள்ள மறந்தவரை, உடன்வந்த ஆப்பிரிக்கர்கள் தங்கள் சட்டியிலிருந்தே உண்ண அழைத்தார்கள். கோடையாதலால் மணல்திட்டுகளுக்கு இடையே படகு ஊர்ந்தது. அவர் படகின் தளத்தில் அமர்ந்து, சிந்தனை கைநழுவிப் போகாதிருக்கும்பொருட்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத வாக்கியங்களைத் தாள் தாளாக எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள், அஸ்தமன வேளையில், இகெஞ்சா என்ற கிராமத்தருகே, நீர்யானைக் கூட்டமொன்றின் நடுவே படகு புகுந்து சென்றுகொண்டிருந்தபோது, எதிர்பாராமல், முன்பு எங்கும் படித்திராத ஒரு சொற்றொடர் அவர் மனத்தில் உதித்தது: உயிரிடத்துப் பயபக்தி.

பிறகு அவர் எழுதிய தத்துவம் முழுவதும் இதன் விரிவுரை. வாழவேண்டும் என்ற விருப்பம் என்னிடத்தில் இருப்பதுபோலவே என்னைச் சூழ்ந்த ஒவ்வோர் உயிரிடத்தும் இருக்கிறது. ஆதலால் உயிரைக் காத்து வளர்ப்பது நன்மை, சிதைப்பதும் தடுப்பதும் தீமை என்பது அதன் சாரம். இது இயேசுவின் அன்பு நெறியேதான், மனிதர் என்ற எல்லையைத் தாண்டிப் பரந்து, சிந்தனையினாலும் ஒப்புக்கொள்ளத் தக்கதாக நிற்கிறது என்று அவர் கருதினார். தாய் விளக்கணைத்துப் போனபின் குன்ஸ்பாக் வீட்டில் சிறுவன் சொல்லிய ஜெபத்துக்கும் இதற்கும் என்ன தூரம்? ஐரோப்பாவின் நூல்நிலையங்களில் அந்த ஜெபத்துக்கு அகப்படாத தத்துவ வடிவம், சோறு கொடுத்தவர்களின் படகில், ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும் வழியில் அகப்பட்டது. விசுவாசத்தினால் லட்சியம் நிறைவேறிற்று என்று சொல்லும்போது இதனைத்தான் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் கொள்கை அவருக்கு நிம்மதியைத் தந்ததா என்றால், இல்லை. ஆற்றுமணலில் பிடிபட்ட ஒரு மீன்கொத்திக் கழுகுக்குஞ்சை, பிடித்தவர்களின் கொடுமையினின்று காக்க விலைகொடுத்து வாங்கினார். வாங்கியபின், அதைப் பட்டினி போடுவதா, அதற்காக நாள்தோறும் சிறு மீன்களைக் கொல்லுவதா என்ற கேள்வி எழுந்தது. கொல்லுவதென்றே முடிவுசெய்தார், ஆயினும் தம் பொறுப்பினால் ஓருயிர் மற்றோர் உயிருக்குப் பலியாவது ஒவ்வொரு நாளும் பாரமாயிருந்தது என்கிறார். கட்டடத்துக்குக் கம்பம் நடுமுன் குழிக்குள் எறும்போ தேரையோ விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கையால் எடுத்துவிடுவார். கிருமிகளைக் கொல்லுவதே தொழிலான ஒரு வைத்தியருக்கு இது முரண்பாடன்றோ என்று பலர் நகைத்ததுண்டு. முரண்பாடுதான், அதனை அவர் மறைக்கவில்லை. தவிர்க்கமுடியாத கொலைக்கும் குற்றம் குற்றமே என்று அவர் ஒப்புக்கொண்டதில்தான் மற்றப் பல தரும சாஸ்திரிகளினின்று அவர் வேறுபடுகிறார்.

இங்கே தமிழ் வாசகருக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. 1935இல் ஷ்வைட்சர் இந்திய சிந்தனையைப்பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தியத் தத்துவம் பெரும்பாலும் உலகத்தைத் துறக்கும் போக்குடையது என்பது அவர் வாதம். அந்த வாதம் மிகவும் நேர்க்கோடாய்ப் போகிறது; டாக்டர் ராதாகிருஷ்ணன் பின்னர் விரிவாகவே அதற்கு மறுப்பெழுதினார், மறுப்பில் நியாயமும் இருந்தது. ஆனால் திருக்குறளிடம் வந்தவுடன் ஷ்வைட்சரின் நடை மாறுகிறது. இல்லறத்தையும் உழைப்பையும் ஏற்று நின்று, அன்பைச் செயலாகவே வற்புறுத்தும் ஒரு நூலை அங்கே கண்டு, உலக இலக்கியத்திலேயே இத்துணை உயர்ந்த ஞானம் செறிந்த நீதித் தொகுப்பு அரிது என்ற அளவுக்குப் புகழ்ந்தார். அருளுடைமையும் கொல்லாமையும் அதிகாரங்களாக நிற்கும் ஒரு நூலில், இல்வாழ்க்கையும் விருந்தோம்பலும் உடன் நிற்பதைக் கண்ட ஓகோவேக் கரை வைத்தியருக்குத் தம் உறவினர் ஒருவரைச் சந்தித்ததுபோல இருந்திருக்கும். குறளை ஜெர்மன் மொழியில் 1856லேயே பெயர்த்தவர் கிரால் என்பவர். அவரும் ஒரு மிஷன் தலைவர், தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றுச் சென்றவர். மிஷன் ஊழியம் ஒருவழிப் போக்குவரத்தாக எந்நாளும் இருந்ததில்லை.

யுத்த முடிவுக்குமுன் தம்பதிகள் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, உடல் நலிந்து, கடனாளிகளாய் ஊர் திரும்பினர். 1919ஆம் ஆண்டு, தகப்பனாரின் பிறந்தநாளன்றே, ரேனா என்ற மகள் பிறந்தாள். சுவீடன் தேசத்தில் சொற்பொழிவுகளும் ஆர்கன் கச்சேரிகளும் நிகழ்த்திக் கடனைத் தீர்த்து, 1924இல் ஷ்வைட்சர் மட்டும் லம்பரேனே திரும்பினார். காடு ஆஸ்பத்திரியை விழுங்கியிருந்தது. மறு ஆண்டில் சீதபேதியும் பஞ்சமும் சேர்ந்து வரவே, ஆற்றில் சற்று மேலே புதிய இடம் தேடி, காட்டை வெட்டி, தூண்களின்மேல் தகரக்கூரைக் கட்டடங்களை எழுப்பும் மேஸ்திரி வேலையும் அவர் தலைமேல் விழுந்தது. ஒருநாள் மரம் தூக்க ஆள் போதாமல், வெள்ளை உடை அணிந்து நோயாளியைப் பார்க்க வந்திருந்த ஓர் ஆப்பிரிக்கரைக் கை கொடுக்க அழைத்தார். நான் படித்தவன், மரம் சுமப்பதில்லை என்றார் அவர். உமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது, நானும் படித்தவனாகத்தான் ஆகப்பார்த்தேன், முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே ஷ்வைட்சர் மரத்தைத் தாமே தூக்கினாராம். 1927 ஜனவரியில் நோயாளிகள் புது இடத்துக்கு மாறினார்கள். அது ஆஸ்பத்திரி என்பதைவிட ஒரு கிராமம் என்றே சொல்லத்தக்கது. நோயாளியோடு வந்த உறவினர் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள், ஆடும் கோழியும் இடையே திரிந்தன.

தாம் செய்வதைத் தருமம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஐசுவரியவானும் லாசருவும் என்ற உவமையை அவர் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பொருத்திப் பார்த்தார்: மருத்துவ ஞானம் நிறைந்த மாளிகையில் நாம் ஐசுவரியவானாக இருக்கிறோம், வாசலில் லாசரு கிடக்கிறான். அடிமை வியாபாரத்தாலும் சாராயத்தாலும் வெள்ளையர் இழைத்தவற்றுக்கு இது பிராயச்சித்தமேயன்றி உபகாரமன்று என்று அவர் அழுத்தமாக எழுதினார். அப்படி எழுதிய அதே கை, நான் உன் சகோதரன்தான், ஆனால் மூத்த சகோதரன் என்ற பொருள்படவும் எழுதிற்று. இந்த அண்ணன்தனம் அவருடைய பெருங்குறை. ஆப்பிரிக்கருக்குள்ளிருந்து மருத்துவர்களை உருவாக்க அவர் முனையவில்லை. ஆஸ்பத்திரியைப் பழைய முறையிலேயே வைத்துக்கொண்டார். சுற்றிலும் நாடுகள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அங்கே சென்று பார்த்த பலர் முகஞ்சுளித்ததில் நியாயம் உண்டு. அவருடைய லட்சியத்தின் நிறைவுக்கு விலை கொடுத்தவர்களில் ஹெலன் அம்மையாரும் முதன்மையானவர். நோயினால் ஆப்பிரிக்க வெப்பத்தைத் தாங்கமாட்டாமல், பெண்குழந்தையோடு பல்லாண்டு ஐரோப்பாவில் தனித்திருந்தார். ஷ்வைட்சரின் துதிபாடகர்கள் அந்த அம்மையாரின் பெயரை ஓரடியில் சொல்லிக் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தலாயிருக்கிறது.

1952ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, அந்தப் பணம் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பாக மாறியது. 1957இல், எண்பத்திரண்டாவது வயதில், ஆஸ்லோ வானொலி வழியாக அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி உலகத்தாருக்கு வேண்டுகோள் விடுத்தார். பேசாப் பிரசங்கியின் குரல் அன்று பல நாடுகளுக்குக் கேட்டது. காபோன் 1960இல் சுதந்திரம் பெற்றது. அவர் 1965 செப்டம்பர் 4ஆம் தேதி லம்பரேனேயிலேயே காலமாகி, அங்கேயே அடக்கமானார். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைச் சில ஆண்டுக்காலம் மகள் ரேனா ஏற்றுக்கொண்டார். 1981இல் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஆஸ்பத்திரியை ஒட்டி வளர்ந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இன்று ஆப்பிரிக்க மருத்துவர்களே முன்னின்று ஆராய்கிறார்கள். மலேரியாவுக்கு எதிராக உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த முதல் தடுப்பூசியை ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் லம்பரேனேயும் ஒன்று.